ஏறாவூரின் பெண்கள்: எண்ணிக்கைக்குள் மறைந்த பெயர்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 12 அன்று இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள ஏறாவூரில் ஷுஹதாக்கள் தினம் நினைவுகூரப்படுகிறது. பள்ளிவாசல்களில் கத்தமுல் குர்ஆன் ஓதி துஆச் செய்கிறார்கள். 1990-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 இரவு தொடங்கி மறுநாள் வரை அந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள ஐயங்கேணி, சதாம் ஹுஸைன் கிராமம் போன்ற பகுதிகளிலும் விடுதலைப் புலிகள் நடத்திய படுகொலையில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தார்.

தமிழகத்தில் இந்தச் செய்தி ஆகஸ்ட் மாதத்தில் நம் கைப்பேசிக்கு வருகிறது. ஓர் எண்ணிக்கை, ஒரு பழைய புகைப்படம், கோபத்தோடு எழுதப்பட்ட சில வரிகள். இரண்டு நாளில் மறைந்தும் விடுகிறது. அதில் ஒரு பெண்ணின் பெயராவது வருகிறதா? கொல்லப்பட்டவர்களைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பேசுகிறோம். அவர்களில் ஒரு பெண்ணின் பெயரை நம்மில் யாருக்காவது சொல்லத் தெரியுமா?

போரில் இறந்த பெண்களை எப்படி நினைவுகூர்வது என்ற கேள்வி ஏறாவூருக்கு மட்டும் உரியதல்ல. ஆனாலும் அதை ஏறாவூரிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

பத்து நாட்களில் இரண்டு ஊர்கள்

1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டு வெளியேறியது. ஜூன் மாதம் புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் இடையே மீண்டும் போர் வெடித்தது. கிழக்கு மாகாணத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்தவை. ஒரே சந்தை, ஒரே களப்பு, ஒரே மொழி. போர் அந்த ஊர்களுக்கு நடுவே கோடு கிழித்தது.

ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே உள்ள காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். எட்டு நாட்கள் கழித்து நகருக்கு வடக்கே உள்ள ஏறாவூரின் முறை வந்தது.

இரண்டுமே கொடூரங்கள்தான். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. காத்தான்குடியில் கொல்லப்பட்டவர்கள் பள்ளிவாசலில் இருந்த ஆண்களும் சிறுவர்களும். ஏறாவூரில் ஆயுதம் தாங்கியவர்கள் வீடுகளுக்குள் புகுந்தார்கள். அதனால்தான் அங்கே பெண்கள் இறந்தார்கள்.

காத்தான்குடிப் பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிக் குண்டு துளைத்த அடையாளங்கள் இன்றும் இருக்கின்றன. ஊருக்கு வரும் வெளிநாட்டுச் செய்தியாளர்களும் அமைச்சர்களும் மனித உரிமைக் குழுவினரும் அந்தச் சுவரைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அந்தச் சுவர் ஒரு சாட்சி. வீடு அப்படிச் சாட்சியாக நிற்க முடியாது. மிஞ்சியவர்கள் அதே வீட்டில்தான் வாழ வேண்டும். சுவரைப் பூசி, தரையைக் கழுவி, அடுப்பை மீண்டும் பற்றவைத்தாக வேண்டும். பள்ளிவாசலில் இறந்தவர்களுக்கு இடமே நினைவுச் சின்னமாகிவிட்டது. வீட்டில் இறந்த பெண்களுக்கு அப்படியோர் இடம் மிஞ்சுவதில்லை.

வீடு யாருடையது?

காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி எளிதில் புரியும். அந்த ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் இதே வழக்கம் இருக்கிறது. அங்கே 'குடி' என்னும் கிளைமுறையும் தாய்வழியாகத்தான் வருகிறது. ஒருவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்றால் அவருடைய தாயின் குடியைத்தான் சொல்வார்கள்.

ஆக, ஏறாவூரில் அந்த இரவு உடைக்கப்பட்ட கதவுகளில் பல, பெண்ணின் பெயரால் அறியப்பட்ட வீடுகளின் கதவுகள். உம்மா வாழ்ந்து, மகளுக்குக் கொடுத்து, மகள் தன் மகளுக்கென்று வைத்திருந்த இடங்கள். ஒரு பெண் கொல்லப்பட்டபோது ஓர் உயிர் போனதோடு ஒரு குடும்பத்தின் வேரும் அறுந்தது. குடும்பத்தின் முகவரியாகவே பெண் வாழ்ந்த ஊர் அது. அந்த ஊரின் பெண்கள் நம்மிடம் வந்து சேரும்போது பெயரில்லாதவர்களாக வருகிறார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், 'பெண்களும் குழந்தைகளும் உட்பட', 'ஒரு கர்ப்பிணி'.

எண்ணிக்கையே கூட நிலையாக இல்லை. சில ஆவணங்கள் 116 என்கின்றன. ஊரில் 121 என்கிறார்கள். 173 வரை செல்லும் பதிவுகளும் உண்டு. ஏறாவூரின் குடும்பங்களுக்குத் தங்கள் மய்யித்துகளின் பெயர்கள் தெரியாமலில்லை. கபுறைக் காட்டி, யார் மகள் என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஊர் எல்லையைத் தாண்டி வெளியே வருவது எண் மட்டும்தான். பெயர் வெளியே வராத இடத்தில் எண்ணைக் கூட்டவும் குறைக்கவும் யாராலும் முடியும். அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று சொல்லவும் முடியும்.

பெயர் என்ன செய்யும்?

பெயருக்கு உள்ள வலிமையை அதே இலங்கைப் போரின் இன்னொரு சம்பவம் காட்டுகிறது.

1996 செப்டம்பர் 7. யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, 18 வயது, பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். செம்மணி இராணுவச் சோதனைச் சாவடியில் தடுத்து நிறுத்தப்பட்டார். மகளைத் தேடி அவருடைய தாய் இராசம்மா சாவடிக்கே போனார். உடன் தம்பி பிரணவனும் அயலவர் ஒருவரும் போனார்கள். நால்வருமே கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். கொல்லப்படுவதற்கு முன் கிருஷாந்தி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்.

இந்த வழக்கு மறைந்துபோகவில்லை. காரணம், அது ஒரு பெயரோடு, ஒரு பள்ளியோடு, ஒரு தாயோடு வெளியே வந்தது. 1998-இல் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச நீதிமன்றத்தில் ஒரு செய்தியைச் சொன்னார்: செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன. 1999-இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அதோடு நின்றுவிட்டது.

2025-இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. சிறு குழந்தைகளின் எலும்புகளும் ஒரு புத்தகப் பையும் அவற்றில் இருந்தன. ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் அந்த இடத்துக்கே வந்து பார்த்தார். செம்மணி என்ற ஊரை உலகம் அறிந்ததற்குக் காரணம் ஒரு மாணவியின் பெயர். அந்த ஒரு பெயர்தான் மற்றவர்களின் புதைகுழிக்கும் வழி காட்டியது.

காஸாவிலும் இதைக் கண்டோம். 2023 அக்டோபரில், காஸாவின் மரண எண்ணிக்கையை நம்ப முடியாது என்று அமெரிக்க அதிபர் பைடன் சொன்னார். மறுநாளே, அக்டோபர் 26 அன்று, காஸா சுகாதார அமைச்சு 6,747 பேரின் பெயர், வயது, ஆணா பெண்ணா என்ற விவரம், அடையாள எண் ஆகியவற்றோடு பட்டியலை வெளியிட்டது. 200 பக்கங்களுக்கும் மேல் நீண்ட பட்டியல் அது. எண்ணை மறுத்தவர்கள் பெயரை மறுக்கத் திணறினார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில், மின்சாரம் இல்லாத மருத்துவமனைகளிலிருந்து தொகுக்கப்பட்ட பட்டியல் அது. அந்த நிலையிலும் ஒரு பெண்ணை 'இன்னாரின் மனைவி' என்று எழுதி முடித்துவிடாமல் அவள் பெயரையும் வயதையும் பதிந்தார்கள்.

காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் இன்றுவரை ஒருவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. செய்தவர்கள் பலர் போரிலேயே இறந்திருக்கலாம். அதனால் நீதி என்பது இந்த ஊர்களுக்கு இனிமேல் பெரும்பாலும் உண்மையைப் பதிவு செய்வதுதான். அந்தப் பதிவு பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

மார்க்கம் பெண்ணின் பெயரை மறைக்கவில்லை

பெண்ணின் பெயரை வெளியே சொல்லாமலிருப்பது அடக்கம் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். திருமண அழைப்பிதழில் மணமகளின் பெயர் இல்லாமல் 'இன்னாரின் மகள்' என்று அச்சிடுவதும், மய்யித் அறிவிப்பில் 'இன்னாரின் மனைவி வஃபாத்' என்று முடித்துவிடுவதும் சில ஊர்களில் பழகிப்போன வழக்கம். இது ஊர்ப் பழக்கம். மார்க்கத்தின் கட்டளை என்று இதைச் சொல்ல முடியாது.

இஸ்லாத்தின் முதல் ஷஹீத் ஒரு பெண் என்பதே வரலாற்றில் பரவலாகப் பதிவான செய்தி. அவருடைய பெயர் சுமைய்யா (ரலி). கணவர் யாஸிர் (ரலி), மகன் அம்மார் (ரலி), கொன்றவன் அபூஜஹ்ல். அவர் செல்வமும் குலப்பெருமையும் இல்லாத அடிமைப் பெண்ணாக இருந்தவர். பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். அவரை 'யாஸிரின் மனைவி' என்று மட்டும் அன்றைய மக்கள் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா?

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த இப்னு ஸஅத் தம் 'தபகாத்' நூலில் ஒரு பாகத்தை முழுவதும் பெண்களுக்கே ஒதுக்கினார். நூற்றுக்கணக்கான பெண்களின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், யாரை மணந்தார், எந்தப் பிள்ளைகளைப் பெற்றார், எப்போது பைஅத் செய்தார் என்ற விவரங்கள் அதில் உள்ளன. அச்சகமும் கணினியும் இல்லாத காலத்தில் அதைச் செய்தார்கள்.

போரில் பெண்கள் கொல்லப்படுவதைப் பற்றிய நிலைப்பாடும் தெளிவானது. ஒரு போர்க்களத்தில் கொல்லப்பட்டுக் கிடந்த பெண்ணைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடை செய்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்தத் தடை எதிரித் தரப்புப் பெண்ணுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. இந்த இடத்தில்தான் நம் நினைவுகூரலுக்குச் சோதனை வருகிறது.

அதே நாளில் இறந்த மற்றவர்கள்

ஏறாவூரில் மய்யித்துகள் அடக்கம் செய்யப்பட்ட அதே ஆகஸ்ட் 12-ஐ அம்பாறை மாவட்டத்தின் வீரமுனைத் தமிழ் மக்களும் துக்க நாளாக நினைவுகூர்கிறார்கள். கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் அன்று கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளோடு முஸ்லிம் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள் என்பது பதிவாகியிருக்கும் செய்தி. அடுத்த மாதம், செப்டம்பர் 9 அன்று, ஏறாவூருக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையே உள்ள சத்துருக்கொண்டானில் 180-க்கும் மேற்பட்ட தமிழர்கள் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கும் பெண்கள், அங்கும் கைக்குழந்தைகள்.

1992 ஏப்ரல் 29 அன்று பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அதற்குப் பழி என்று அருகிலிருந்த முத்துக்கல், கரப்பொல ஆகிய தமிழ் ஊர்கள் தாக்கப்பட்டன. அங்கே இறந்தவர்கள் அதைவிட அதிகம். அதே ஆண்டு அக்டோபரில் பள்ளியகொடெல்லவில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள்.

இந்த வரிசையைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு கொலைக்கும் முந்திய கொலை ஒன்று காரணமாகக் காட்டப்பட்டது. முந்திய கொலையில் இறந்த பெண், அடுத்த ஊரின் பெண்ணைக் கொல்வதற்கு நியாயமாக்கப்பட்டாள். அவளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட அவளுக்காகப் பழி வாங்குவதாகச் சொன்னார்கள். பெயரும் வாழ்வும் அறியப்படாத பெண்ணை எவரும் தம் வாதத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. குழந்தைகளுக்கு ஓதிக்கொடுத்தவள், பாய் பின்னியவள், பக்கத்துத் தமிழ் வீட்டுக்காரியோடு கறி மாற்றிக்கொண்டவள் என்று அவளை முழு மனுஷியாக அறிந்தவர்கள், அவள் பெயரால் இன்னொரு வீட்டுக் கதவை உடைக்கத் துணிவார்களா?

போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் ஒரு பாலம் இருக்கிறது. 1992 ஏப்ரல் 5 அன்று அமைதிக்காக ஊர்வலம் போனபோது அந்தப் பாலத்தில் இரண்டு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சுஆதா, மருத்துவ மாணவி, முஸ்லிம். மற்றவர் ஓல்கா, முஸ்லிம் அல்லாதவர். பிறகு வந்த முற்றுகையில் அந்த நகரம் பல்லாயிரம் உயிர்களை இழந்தது. இன்று அந்தப் பாலம் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. தன் சமூகத்துப் பெண்ணின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள அந்த நகரத்துக்குக் காரணங்கள் இருந்தன. அதோடு நின்றுவிடவில்லை.

ஏறாவூரின் துயரத்தைச் சொன்னால் தமிழர்களுக்கு எதிரான பேச்சாகிவிடுமோ என்று தமிழகத்தில் பலர் தயங்கினார்கள். சத்துருக்கொண்டானைச் சொன்னால் நம் துயரம் சிறுத்துவிடுமோ என்று நம்மில் சிலர் தயங்குகிறார்கள். இரண்டு தயக்கமும் வேண்டாம். இரண்டு ஊர்களின் பெண்களையும் சொல்பவரின் பேச்சைத்தான் இரண்டு ஊர்களும் நம்பும்.

இங்கிருந்து நாம் செய்யக்கூடியது

கீழ்க்கட்டளையிலிருந்து பரங்கிமலையைக் கடந்து பூந்தமல்லி சாலையில் சென்றால் நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். முதல் உலகப் போரில் இறந்து இந்தியாவின் வேறு இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இதைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 1917-இல் தொடங்கப்பட்டது. பதவி, இனம் பாராமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வது அதன் கொள்கை. அந்த ஆணையமே 2021-இல் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: முதல் உலகப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. பெரும் பணமும் அலுவலகமும் உள்ள ஓர் அமைப்பிடமே விடுபட்டவர்கள் இத்தனை பேர். ஆயுதம் ஏந்தாத, எந்தப் படைப்பட்டியலிலும் இல்லாத பெண்ணுக்குப் பட்டியல் எழுத யார் இருக்கிறார்கள்? குடும்பமும் ஜமாஅத்தும்தான்.

நம் குடும்பங்களுக்குள்ளேயே இப்படிப்பட்ட பெண்கள் இருக்கக்கூடும். கீழ்க்கட்டளை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வட்டாரத்தில் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் பல, தஞ்சை, ராமநாதபுரம், நெல்லைப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவை. அந்த மாவட்டங்களிலிருந்து ஒரு காலத்தில் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து நடந்தே ஊர் திரும்பினார்கள். பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தார்கள். 'ராதிம்மா பர்மாவிலிருந்து வரும்போது வழியில் மவுத்தாகிவிட்டார்' என்ற ஒரு வரி உங்கள் வீட்டுப் பேச்சில் எப்போதாவது வந்ததுண்டா? வந்திருந்தால் அந்த ராதிம்மாவின் பெயர் என்ன என்று கேளுங்கள்.

செய்ய வேண்டியவை எளிமையானவை.

முதலாவது, வீட்டில் எழுபது எண்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இறந்தவரின் பெயர், அவருடைய தாயின் பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, சமைத்த பதார்த்தம், ஓதிக்கொடுத்த பிள்ளைகள். எப்படி இறந்தார் என்பது கடைசியில் வரட்டும். கைப்பேசியில் பதிவு செய்தாலும் போதும். ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள்.

இரண்டாவது, ஜமாஅத்தின் மய்யித் பதிவேட்டில் பெண்ணின் பெயரை முழுமையாக எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு வாரிசுச் சான்றிதழுக்கும் அது உதவும்.

மூன்றாவது, ஏறாவூர், காத்தான்குடி பற்றிய பதிவுகள் உங்கள் கைக்கு வரும்போது, பழிக்கு அழைக்கும் வரிகளோடு வந்தால் அதை அப்படியே முன்அனுப்பாதீர்கள். இலங்கையில் உறவினர் உள்ளவர்கள் அங்கே நினைவைத் தொகுப்பவர்களுக்குத் துணை நில்லுங்கள். வடக்கிலிருந்து 1990 அக்டோபரில் விரட்டப்பட்ட முஸ்லிம்களின் வரலாற்றை மக்கள் ஆணைக்குழு ஒன்று கேட்டறிந்து 2011-இல் நூலாகவே வெளியிட்டது. ஏறாவூரின் பெண்களுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும். அவர்களைப் பார்த்தவர்கள், அவர்களோடு வாழ்ந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று ஐம்பதை நெருங்கும் வயது. அன்று ஐம்பது வயதாக இருந்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்.

அல்லாஹ்விடம் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. அவனுக்கு நம் பட்டியல் தேவையில்லை. அது நமக்கும், நமக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கும் தேவை. ஏறாவூரில் இறந்த பெண்களின் கபுறுகளையும், அடுத்த ஊர்களில் அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்காகவும் அழுகிறவர்களின் உள்ளங்களையும் அவன் குளிரச் செய்வானாக. ஆமீன்.